14416-ல் பேசிய அக்காவுக்கு

பெயர் கேட்கத் தோன்றவில்லை அக்கா. கஞ்சாவை விட்ட நான்காவது நாள், ராத்திரி இரண்டு மணிக்கு 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு போன் போட்டேன். தலையணை வேர்வையில் நனைந்திருந்தது, சோறு இறங்கவில்லை, அம்மாவிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்திருந்தேன். போலீசுக்குச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, "நண்பனுக்காகக் கேட்கிறேன்" என்றுதான் ஆரம்பித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. "சரி தம்பி, நண்பர் சாப்பிட்டாரா?" என்றீர்கள்.

முதல் வாரம்தான் மோசம், எரிச்சல் இரண்டு வாரத்தில் தணியும், தூக்கம் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் படுத்தும், கனவுகள் பளிச்சென்று வரும், பயப்படாதீங்க என்றீர்கள். வந்தன. ஒரு கனவில் செத்துப்போன தாத்தா என்னோடு கேரம் ஆடினார்! நீங்கள் முன்பே சொல்லியிருக்காவிட்டால், பைத்தியம் பிடித்துவிட்டது என்று பொட்டலம் தேடிப் போயிருப்பேன்.

ஆசை வந்தால் இருபது நிமிடம் தள்ளிப்போடச் சொன்னீர்களே, அந்த நேரத்தில் வீட்டுப் பாத்திரமெல்லாம் கழுவிவிடுகிறேன். நடுவில் ஒருநாள் சறுக்கினேன். அதற்கப்புறம் எண்ண ஆரம்பித்து இன்றோடு 71 நாள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் போய்வருகிறேன். திடீரென்று ஏன் பாத்திரம் கழுவுகிறான் என்று அம்மாவுக்குத்தான் இன்னும் புரியவில்லை.