விளம்பரத்தில் 5,000, கதவில் 1,230

ஆசிரியர் அவர்களுக்கு,

பனி கரையத் தொடங்கியதும் வாகன விளம்பரங்களில் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: "5,000 இறாத்தல் இழுக்கும்." ஒன்ராறியோவின் அல்கொன்குயின் பூங்காவிலோ சாண்ட்பாங்ஸ் பூங்காவிலோ முகாமிட ஓர் இடம் கிடைக்க வேண்டும் என்று ஐந்து மாதம் முன்னதாகவே, காலை ஏழு மணிக்குக் கணினியின் முன் உட்கார்ந்து பதிவு செய்கிற குடும்பங்கள்கூட, படுத்துத் தங்கும் ட்ரெயிலரை இழுக்கப்போகும் வாகனத்தை இந்த ஒற்றை எண்ணை நம்பி வாங்கிவிடுகின்றன. எண் பொய்யானது அல்ல. ஆனால் அது நம் குடும்பத்தை ஏற்றிப் பார்த்துச் சொன்ன எண் அல்ல.

பெரும்பாலான உற்பத்தியாளர்கள் பின்பற்றுவது எஸ்ஏஇ ஜே2807 என்ற அளவுகோல். சோதனை கடுமையானதுதான். அரிசோனாவில் டேவிஸ் அணைக்குப் பக்கத்தில் உள்ள 11.4 மைல் ஏற்றத்தில், கொளுத்தும் வெயிலில், ஏசியை முழுவதும் திறந்துவிட்டு, வேகம் மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் பொறுத்தவரை அதைவிட நல்ல சோதனை இல்லை. அந்தக் கணக்கில் உள்ளே இருப்பவர்களோ இருவர்தான், ஆளுக்கு 150 இறாத்தல். பின் இருக்கையில் பிள்ளைகள் இல்லை, அம்மம்மா இல்லை, டிக்கியில் அரிசி மூட்டையும் இறைச்சிக் கூலரும் இல்லை.

உண்மையான எல்லை சாரதியின் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்ரிக்கரில் இருக்கிறது. ரயர்க் காற்றழுத்தம் போட்டிருக்கும் அதே ஸ்ரிக்கர். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை கிலோவை, இத்தனை இறாத்தலைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். பேலோட் என்பது இதுதான். தாங்கியில் நிறைந்த பெற்றோல் ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிட்டது. சாரதி கழிக்கப்படவில்லை, அவரும் இந்தக் கணக்குக்குள்ளேதான் வருகிறார். ட்ரெயிலரின் மூக்கு கொக்கியின் மேல் அமர்த்தும் பாரமும் இதற்குள்ளேயே அடங்க வேண்டும். பலரும் தவறவிடுவது இந்தக் கடைசி விஷயத்தை. சில்லுள்ள பொருள்தானே, தன் பாரத்தைத் தானே தாங்கிக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். விளம்பரத்தில் 5,000 போட்ட மூன்று வரிசை எஸ்யூவி, கதவு ஸ்ரிக்கரில் 1,230 இறாத்தல், அதாவது 558 கிலோ. அப்பா 180, அம்மா 150, அம்மம்மா 130, வளர்ந்த பிள்ளைகள் இருவர் 130உம் 100உம். ஆட்கள் மட்டுமே 690. மீதி 540.

இனி ட்ரெயிலர். விற்பனைத் தாளில் காலி எடை 3,700 என்றிருக்கும். அதில் பெரும்பாலும் பற்றரியும் நிரப்பிய காஸ் சிலிண்டர்களும் சேர்ந்திருக்காது. 20 இறாத்தல் காஸ் பிடிக்கும் சிலிண்டர் ஒன்று, இரும்போடு சேர்த்து 37 வரை வரும். இரண்டுக்கு 75 என்று வையுங்கள். பற்றரி 55. தண்ணீர் 100 லீற்றர் நிரப்பினால் 220. பானை சட்டி, படுக்கை, கதிரை, உடுப்பு, சாப்பாடு என்று 450. (நம் சமையலறையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு 450 குறைந்த மதிப்பீடு.) மொத்தம் 4,500. ஐயாயிரத்துக்குள்ளேதானே என்று தோன்றும்.

பயண ட்ரெயிலர் ஒன்று அலையாமல் ஓட, அதன் மொத்த எடையில் 10 முதல் 15 வீதம் கொக்கியில் விழ வேண்டும். 12 வீதம் என்றால் 540. மீதியிருந்த 540 அத்தோடு முடிந்தது. கூலரை டிக்கியில் வைக்க இடமுண்டு, ஆனால் அதன் பாரத்துக்கு எல்லைக்குள் மீதி இல்லை. கொக்கியில் விழும் பாரத்தில் ஒரு பங்கை முன் சில்லுகளுக்குக் கொண்டுபோகும், பாரம் பகிரும் கொக்கிச் சட்டங்கள் 80 இறாத்தல் வரை இருக்கும், அதற்கும் மீதி இல்லை. இன்னொன்றும் இருக்கிறது: பம்பரின் கீழே கொக்கி செருகும் சதுரக் குழாயில் தனியாக ஒரு ஸ்ரிக்கர் உண்டு. 5,000 இழுக்கும் வாகனங்கள் பலவற்றில் கொக்கிப் பாரத்தின் எல்லை 500தான். ஆக, இந்தக் குடும்பம் இழுவை எல்லையைத் தொடாமலே இரண்டு எல்லைகளை மீறிவிட்டது.

ஒரே மொடலிலும் பேலோட் ஒன்றாக இருக்காது என்பதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. கண்ணாடிக் கூரை, மின்சாரத்தில் மடியும் கடைசி வரிசை, பெரிய அலோய் சில்லுகள் எல்லாம் அந்த ஸ்ரிக்கரிலிருந்துதான் கழிகின்றன. எனவே விலை கூடிய ரகம் குறைவாகவே சுமக்கும். இணையத்தில் பார்த்த எண்ணை நம்பாமல், வாங்கப்போகும் அதே வாகனத்தின் கதவைத் திறந்து படம் எடுத்துக்கொள்வதே சரி.

எந்த வாகனம் என்று கேட்டால், முதலில் ட்ரெயிலர் எது என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் பதில் சொல்லலாம். நம்மவர் வீடுகளில் அதிகம் நிற்பது மினிவான். ரொயோட்டா சியன்னா ஹைபிரிட், ஹொண்டா ஒடிசி இரண்டும் 3,500 இறாத்தல். கிறைஸ்லர் பசிபிக்கா இழுவைப் பொதியோடு (இழுப்பதற்கென்று தொழிற்சாலையிலேயே பூட்டித் தரும் கருவிகளோடு) 3,600. ஆனால் பசிபிக்காவின் பிளக்-இன் ஹைபிரிட் ரகத்தில் ட்ரெயிலர் இழுக்க வேண்டாம் என்று உற்பத்தியாளரே சொல்கிறார். மினிவானில் ஏழு பேர் ஏறினால், சிறுவர்களையும் சேர்த்து சராசரி 140 என்று வைத்தாலும் 980, 3,500 இறாத்தல் ட்ரெயிலரின் 10 வீதம் 350, கூட்டினால் 1,330. பல வான்களின் ஸ்ரிக்கர் இதைத் தாங்காது. அதனால் வான் வைத்திருப்பவர்களுக்கு 2,000 முதல் 2,500 இறாத்தலுக்குள் அடங்கும் மடக்குக் கூடார ட்ரெயிலரே பொருத்தம். அது ஓடும்போது உயரம் குறைவு என்பதால் காற்றும் குறைவாகவே தடுக்கும்.

காற்றுத் தடுப்பை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எட்டடி அகலம், பத்தடிக்கு மேல் உயரம் என்று நிமிர்ந்து நிற்கும் பெட்டியும், அதே எடையுள்ள படகு ட்ரெயிலரும் எஞ்சினுக்கு ஒன்றல்ல. வேகத்தின் வர்க்கமாகக் காற்றின் எதிர்ப்பு ஏறுகிறது. மணிக்கு 90 கிலோமீற்றரில் சமாளித்தது 110இல் திணறும். சில வாகனங்களின் கையேட்டில் ட்ரெயிலரின் முகப்புப் பரப்பு இத்தனை சதுர அடிக்கு மேல் கூடாது என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதைத் தேடிப் படியுங்கள்.

மூன்று வரிசை எஸ்யூவிகளில் ரொயோட்டா ஹைலாண்டர் பெற்றோல் ரகம் 5,000, அதே ஹைலாண்டர் ஹைபிரிட் 3,500. பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் 1,500 இறாத்தல் காணாமல் போய்விடும். 2025 மொடல் வரையான ராவ்4 ஹைபிரிட் 1,750தான். அதன் பின்னால் பெட்டி ட்ரெயிலர் என்ற பேச்சே வேண்டாம். ஐந்து பேருக்கு மேல் உள்ள குடும்பம், இருபது அடிக்கு மேல் ட்ரெயிலர் என்றால், தனிச் சட்டகத்தின் மேல் உடல் அமைந்த ஷெவ்றலே ராஹோ, போர்ட் எக்ஸ்பெடிஷன் போன்றவைதான் சரி. நகரத்துக்குள் அவை பெற்றோலைக் குடிக்கும், நிறுத்தவும் சிரமம். வருடத்தில் இரண்டு வாரப் பயணத்துக்காக ஐம்பது வாரம் அதை ஓட்டுவதைவிட, முகாமிலேயே நிறுத்தித் தரும் வாடகை ட்ரெயிலர் மலிவு என்பது என் எண்ணம்.

மின்சார வாகனங்களின் இழுவிசைக்குக் குறைவில்லை; டெஸ்லா மொடல் எக்ஸ் 5,000 இழுக்கும். பெட்டி ட்ரெயிலரோடு ஓடக்கூடிய தூரம்தான் ஏறக்குறைய பாதியாகிவிடும். சார்ஜ் நிலையங்கள் பலவற்றில் ட்ரெயிலரைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுத்தான் வாகனத்தை நுழைக்க முடியும். வடக்கே போகப் போக நிலையங்களுக்கிடையிலான தூரமும் கூடும்.

பழைய வாகனம் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பின்னால் கொக்கி இருக்கிறது என்பதற்காக அது இழுவைப் பொதியோடு வந்த வாகனம் ஆகிவிடாது. தொழிற்சாலைப் பொதியில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் கருவி, பெரிய ரேடியேற்றர், ஏழு முனை மின் இணைப்பு போன்றவை சேர்ந்திருக்கலாம். கடையில் பூட்டிய கொக்கியில் இவை எதுவும் வருவதில்லை. கொக்கியின் ஸ்ரிக்கரில் 6,000 என்றிருந்தாலும் வாகனத்தின் எல்லை உயர்ந்துவிடாது. குளிர்விப்பான் இல்லாமல் இழுத்தால் முதலில் போவது கியர்ப்பெட்டி. எண்ணெய் கறுத்து, கருகிய மணம் வந்தால் சேதம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சுப்பீரியர் ஏரியின் வடகரையில் 17ஆம் நெடுஞ்சாலையின் ஏற்றங்கள் இதை விரைவில் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒன்ராறியோவில் மொத்த எடை 1,360 கிலோவை, அதாவது 3,000 இறாத்தலை எட்டும் ட்ரெயிலருக்குச் சொந்த பிரேக் கட்டாயம். அது மின்சார பிரேக் என்றால் வாகனத்துக்குள் பிரேக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று வேண்டும். நான்கு முனை இணைப்பு விளக்குகளுக்கு மட்டுமே. பிரேக்குக்கு ஏழு முனை தேவை. கருவிகளில் நேரக் கணக்கில் இயங்கும் மலிவான ரகத்தைவிட, வாகனம் எவ்வளவு வேகம் குறைக்கிறது என்பதை உணர்ந்து அந்த அளவுக்கே பிரேக் தரும் ரகத்தை வாங்குங்கள். காலியான தரிப்பிடத்தில் மணிக்கு 40 கிலோமீற்றரில் ஓட்டி, கருவியின் கைப்பிடியை மட்டும் அழுத்திப் பாருங்கள். ட்ரெயிலர்ச் சில்லு இறுகி வழுக்கும் வரை அளவைக் கூட்டி, அதிலிருந்து சற்றுக் குறைத்தால் சரியான இடம். பாரம் மாறினால் மறுபடியும் பார்க்க வேண்டும்.

கொழுவியதும் வாகனத்தின் பின்புறம் அமுங்கி, முன்புறம் எழும். முன் சில்லுகளில் பாரம் குறைந்தால் ஸ்ரியரிங் இலேசாகும், பிரேக் பிடிமானம் குறையும், இரவில் எதிரே வருபவரின் கண்ணில் விளக்கு அடிக்கும். பாரம் பகிரும் சட்டங்கள் இதற்காகத்தான். முன் சில்லுக்கு மேலுள்ள வளைவின் உயரத்தைக் கொழுவுவதற்கு முன்பும், கொழுவிய பின்பும், சட்டம் பூட்டிய பின்பும் அளந்து, எழும்பியதில் எவ்வளவை மீட்க வேண்டும் என்று கையேடு சொல்கிறதோ அவ்வளவை மீட்க வேண்டும். சில வாகனங்களில் இந்தச் சட்டம் கட்டாயம், சிலவற்றில் கூடவே கூடாது. கொக்கி விற்கும் கடையை விட வாகனக் கையேட்டின் சொல்லே மேல். எல்லாவற்றுக்கும் மேலாக, இது பேலோட்டைக் கூட்டும் கருவி அல்ல.

ட்ரெயிலர் வாலை ஆட்டத் தொடங்குவது பெரும்பாலும் பின்பாரத்தால். பின் பம்பரில் நான்கு சைக்கிள், அச்சுக்குப் பின்னால் நிறைந்த கழிவுநீர்த் தொட்டி, அவ்வளவு போதும். கொக்கிப் பாரம் 10 வீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். கனமான சாமான்களில் 60 வீதம் அச்சுக்கு முன்னால் இருக்கட்டும்; முகாமை விட்டுப் புறப்படும்போதே கழிவுநீரை வெளியேற்றும் நிலையத்தில் விட்டுவிடுங்கள். ஆட்டம் வந்துவிட்டால் வாகன பிரேக்கை மிதிக்காதீர்கள், எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடிக்கவும் முயலாதீர்கள். ஸ்ரியரிங்கை நேராகப் பிடித்து, அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்து, ட்ரெயிலர் பிரேக்கின் கைப்பிடியை மட்டும் அழுத்த வேண்டும். வீட்டை விட்டுப் புறப்படுமுன் அந்தக் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று கை பழகியிருக்க வேண்டும்.

இவ்வளவு கணக்கும் மதிப்பீடுதான். நெடுஞ்சாலை லொறி நிறுத்தங்களில் உள்ள கேட் ஸ்கேல் (CAT Scale) எடைமேடை உண்மையைச் சொல்லும். கட்டணமும் பெரிதல்ல. முழுக் குடும்பமும் உள்ளே இருக்க, சட்டம் பூட்டாமல் ட்ரெயிலரோடு ஒரு தடவை, ட்ரெயிலர் இல்லாமல் ஒரு தடவை நிறுத்துங்கள். முதல் தடவை வாகனத்தின் இரண்டு அச்சுகளிலும் விழுந்த எடையிலிருந்து இரண்டாம் தடவை விழுந்ததைக் கழித்தால் வருவதுதான் கொக்கிப் பாரம். சட்டம் பூட்டி மூன்றாவது தடவை நிறுத்தி, ஒவ்வோர் அச்சின் எடையையும் கதவுத் தூணில் உள்ள எல்லைகளோடு ஒப்பிடுங்கள். வாகனத்தின் எடை எல்லைக்குள் இருந்து பின் அச்சு மட்டும் மீறியிருப்பதும் உண்டு.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாகன அறிமுகக் கட்டுரைகளில் இழுவை எண்ணுக்குப் பக்கத்தில், பார்த்த வாகனத்தின் கதவு ஸ்ரிக்கர் பேலோட்டையும் கொக்கிப் பார எல்லையையும் சேர்த்து அச்சிடுங்கள். விளம்பரம் தரும் முகவர்களிடமும் அந்த இரண்டு எண்களைக் கேளுங்கள். தரத் தயங்குபவர்களிடம் வாசகர்களே நேரில் போய்க் கதவைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். அதற்குச் சாவியைத் தரச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ