கை குலுக்க வைத்தால் தீராது

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளிடையே நடக்கும் சீண்டல் பற்றிய உங்கள் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். என் மகன் ஐந்தாம் வகுப்பு. ஜூனில்தான் மும்பையில் இந்தப் பள்ளிக்கு மாறினான்.

தீபாவளிக்குப் பிறகு டிபன் டப்பா அப்படியே திரும்பி வர ஆரம்பித்தது. புளிசாதம் என்றால் அவனுக்கு உயிர். அதைத் தொடாமல் கொண்டுவந்து, "நாளைக்கு பிரெட் ஜாம் வைம்மா" என்பான். ஞாயிறு சாயங்காலமானால் வயிற்றுவலி. டாக்டர் பார்த்துவிட்டு வயிற்றில் ஒன்றுமில்லை என்றார். ஒரு மாதம் கழித்துத்தான் வாயைத் திறந்தான். டப்பாவைத் திறந்ததும் நாலு பையன்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, தென்னிந்தியர் பேச்சைக் கேலி செய்து 'யண்டு குண்டு' என்று கத்துவார்களாம். சுற்றி இருக்கிறவர்கள் சிரிப்பார்களாம்.

மிஸ்ஸிடம் சொன்னேன். நல்லவர்தான். எல்லோரையும் எதிரெதிரே நிற்கவைத்து, கை குலுக்கச் சொன்னார். மறுநாளே என் பிள்ளைக்கு 'கம்ப்ளெயின்ட் பாக்ஸ்' என்று பட்டப்பெயர்.

சண்டை என்றால் சமாதானம் செய்துவைக்கலாம். திருப்பிக் கொடுக்க முடியாத ஒரே பிள்ளையை மறுபடி மறுபடி சீண்டுவது வேறு. நார்வே உளவியலாளர் டான் ஒல்வேயுஸ் 1970-களில் தொடங்கிய தன் ஆய்வுகளில் இந்த வித்தியாசத்தைத்தான் அழுத்திச் சொன்னார். இரண்டு பக்கத்தையும் சமமாக நிற்கவைத்தால், அடிபட்டவன் தலையிலும் பாதிப் பழி விழுகிறது. சீண்டியவர்களிடம் தனியாகப் பேச வேண்டும். இவனிடம் தனியாகக் கேட்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்க வேண்டும்.

சிரித்தவர்களையும் விட்டுவிடக் கூடாது. பின்லாந்துப் பள்ளிகளின் 'கிவா' திட்டம் வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை மாற்றுவதில்தான் கவனம் வைக்கிறது. அது எவ்வளவு சரி என்பதை எங்கள் வீட்டு டப்பாவிலேயே கண்டேன். ஒருநாள் ஒரு மராத்திப் பையன் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்து, புளிசாதத்தில் பாதியைச் சாப்பிட்டிருக்கிறான். அன்று டப்பா காலியாக வந்தது.

நம் வீடுகளிலும் பிள்ளைகளை 'குண்டா', 'கருவாயா' என்றுதானே கூப்பிடுகிறோம்? அவர்கள் வேறு எங்கே கற்பார்கள்?

சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளில் சீண்டலைத் தடுப்பதற்கென்று குழு வைக்கச் சொல்லி 2015-லேயே அறிவுறுத்தியது. எங்கள் பள்ளி மாநிலப் பாடத்திட்டம். அங்கே அப்படி ஒன்றும் இல்லை. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேட்கப்போகிறேன். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை ஒவ்வொரு வகுப்பிலும் எழுதி ஒட்டச் சொல்வேன். மற்ற பெற்றோரும் என்னோடு எழுந்து நின்று கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
சயான் கோலிவாடா, மும்பை