முதல் புறப்பாட்டுக்குத் துணை வந்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில், சுவாமி புறப்பாட்டுக்கு முதன்முறையாக நான் முன்னின்று நாகஸ்வரம் வாசித்தேன். பாராட்டெல்லாம் எனக்கே வந்துகொண்டிருக்கிறது. அது நியாயமில்லை, அதனால்தான் இந்த மடல்.

குழல் நரசிங்கம்பேட்டையில் கடைந்தது, பழைய வீட்டு உத்தரத்து ஆச்சா மரம். பாதிப் பணம் டீக்கடை அண்ணன் கொடுத்தார்; மீதி அம்மாவின் தோடு. 2022-ல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது கடையில் எல்லோருக்கும் இலவச டீ!

குருநாதர் ஐயா வீட்டில் வாசிப்புக் கற்கச் சேர்ந்தபோது எனக்குப் பதினொரு வயது. ஆறு மாதம் குழலைத் தொடவிடவில்லை, தாளம் மட்டும்தான். அப்புறம் விடியக்காலை நாலரைக்குச் சாதகம். மூச்சு தீரும்வரை ஒரே ஸட்ஜம். துத்துகாரம், அதாவது நாக்கால் காற்றைத் தட்டித் தட்டி ஊதுவது, நாக்குக்குப் பழகவே ஒரு வருஷம். உதடு வெடித்த நாட்களில் ஐயா வீட்டு அம்மா வெண்ணெய் தடவிவிட்டு, ரசத்தில் மிளகைக் குறைத்துவிடுவார்கள். அந்தச் சப்பை ரசத்தை மொத்த வீடும் முணுமுணுக்காமல் சாப்பிட்டது. (ஐயா மட்டும் முணுமுணுத்தார்.)

தவில் பெரியவருக்குத் தனி நன்றி. புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியில், மும்மூன்றாக எண்ணும் திஸ்ர நடைக்குத் திரும்பும்போது நான் இடறினேன். தவிலில் ஒரு சொல்லைக் கூட்டிப் போட்டு என்னை உள்ளே இழுத்துக்கொண்டார். கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் முழுக்க ஐயா என்னிடம் பேசவில்லை. எது கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினார். கோபம் என்றே நினைத்தேன். தெற்கு வீதியில் தோடி ராகம் எடுத்திருந்தபோது சீவாளி, குழல் முனையில் செருகி ஊதும் நாணல் துண்டு, பிளந்துவிட்டது. குழலில் தொங்கிய மாற்றுச் சீவாளி காய்ந்து கிடந்தது. ஊறவைக்க மறந்தது என் தப்பு. காய்ந்த சீவாளி பேசாது. தவில் மட்டும் போய்க்கொண்டிருக்க, எனக்குக் கை நடுங்கியது. தாளம் போட்டபடி பக்கத்தில் வந்துகொண்டிருந்தவர், முன்பல் விழுந்ததிலிருந்து குழல் பக்கமே போகாதவர், வாய்க்குள் அதக்கி வைத்திருந்த சீவாளியை எடுத்து நீட்டினார்.

"நீ மறப்பேன்னு தெரியும்டா. வாசி."

பணிவுடன்,
ஐயா வீட்டுப் பையன்