"நடிக்கிறாள்" என்று சொன்னவள் எழுதும் மடல்

மலையகத்து வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும் அதிபர்களுக்கும்,

வணக்கம். தோட்டப் பாடசாலைகளில் முப்பத்தொரு வருடம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். முறைப்பாடு சொல்ல வரவில்லை. சொல்வதென்றால் முதலில் என்மேல்தான் சொல்ல வேண்டும்.

ஆறாம் வகுப்பில், முன் வாங்கில் ஒரு பிள்ளை. அம்மா சவுதியில், அப்பா கொழும்பில் கடை வேலையில். அம்மாயியோடு லயத்தில், தோட்டத்து வரிசைவீட்டில், வளர்ந்தாள். திங்கட்கிழமை விடிந்தால் வயிற்றுவலி. டிஸ்பென்சரியில் பனடோல் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எழுப்பிக் கேள்வி கேட்டால் கை நடுங்கும். "நடிக்கிறாள்" என்று ஆசிரியர் அறையில் சொன்னது நான்தான். அதே வகுப்பில் கடைசி வாங்கில் ஒரு பையன். ஏசினாலும் தட்டிக்கொடுத்தாலும் முகம் அசையாது. எருமை மாட்டில் மழை பெய்த மாதிரி என்போம். காதில் ஏறவில்லையாக்கும் என்று நினைத்து இன்னும் சத்தமாக ஏசினேன்.

ஓய்வுக்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்க நேரம் கிடைத்தது. மூளைக்குள், காதுப்பக்கம் சற்று ஆழத்தில், வாதுமைக் கொட்டை வடிவில் அமிக்டலா என்றொரு பகுதி இருக்கிறது. ஆபத்தென்றால் முதலில் மணி அடிப்பது அதுதான். 2001 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 8 முதல் 16 வயது வரையான பிள்ளைகளை ஸ்கேன் இயந்திரத்தில் படுக்கவைத்து, பயந்த முகங்களின் படங்களைக் காட்டினார்கள். பதகளிப்பு நோயுள்ள, அதாவது ஓயாத பயமும் பதற்றமும் உள்ள, பிள்ளைகளின் அமிக்டலா மற்றப் பிள்ளைகளுடையதை விட அதிகமாகத் துடித்தது. மனச்சோர்வு நோயுள்ளவர்களுடையதோ மந்தமாகவே இருந்தது. என் வகுப்பின் முன் வாங்கும் கடைசி வாங்கும் கண்முன் வந்தன.

அந்த ஆய்வில் மனச்சோர்வுள்ள பிள்ளைகள் ஐந்தே பேர், எல்லோரும் சிறுமிகள். மனச்சோர்விலும் அமிக்டலா கூடுதலாக எழுவதாகப் பின்னால் வந்த சில ஆய்வுகள் கண்டன. எனவே ஸ்கேன் எடுத்துப் பிள்ளைக்கு நோய் சொல்லலாம் என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். எனக்கு உறைத்தது வேறு. ஒரே அதட்டல் இரண்டு பிள்ளைகளுக்குள் இரண்டு விதமாகப் போய் விழலாம். அசையாத முகத்தைத் திமிர் என்று வாசித்தது என் பிழை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பிள்ளைகளின் மனச்சோர்வு அழுகையாகத்தான் வரும் என்றில்லை. எரிச்சலாக, எதற்கெடுத்தாலும் சண்டையாக வரலாம். அந்தப் பிள்ளைதான் நம்மிடம் அதிகம் அடி வாங்கியிருக்கும்.

நம் மண்ணில் பயத்துக்குக் காரணமில்லாமலும் இல்லை. 2014 ஒக்டோபர் 29 காலை பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்தபோது, பாடசாலைக்குப் போயிருந்ததால் தப்பிய பிள்ளைகள் உண்டு. திரும்பி வந்தபோது லயம் இல்லை. சரிவுக்குக் கீழே படுத்து அடைமழையைக் கேட்கும் பிள்ளை பயந்தால் அமிக்டலா தன் வேலையைச் செய்கிறது. மழை விட்டு, வெயில் வந்து, கணக்குப் பாடத்திலும் அந்த மணி ஓயாவிட்டால்தான் கவனிக்க வேண்டும்.

கவனித்தால் பலன் உண்டு. 2008 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பதகளிப்புள்ள 488 பிள்ளைகளில், பயப்படும் விடயத்தைச் சிறிது சிறிதாக நேரில் சந்திக்கப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 60 வீதமானோர் நன்றாகத் தேறினார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே இல்லாத போலி மாத்திரை பெற்றவர்களில் 24 வீதம்தான். பேச்சோடு மருந்தும் சேர்ந்தபோது 81 வீதம்.

பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ இருந்து ஒரு தாய் பிள்ளையைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும். பஸ் காசு வேறு. ஆகவே முதல் படி பாடசாலைக்குள்ளேயே இருக்க வேண்டும். ஆலோசனை ஆசிரியர் என்று ஒருவரை நியமிக்கிறோம். யாராவது லீவு போட்டால் ரிலீஃப் பாடத்துக்கு முதலில் அனுப்புவதும் அவரைத்தான். அவருக்குக் கதவுள்ள ஓர் அறை இல்லை. ஸ்டோர் ரூமில் பழைய மேசைகளுக்கு நடுவே எந்தப் பிள்ளை வாய் திறக்கும்?

மூன்றே காரியம் கேட்கிறேன். ஆலோசனை ஆசிரியரை ரிலீஃப் பாடங்களுக்கு அனுப்பக் கூடாதென்று வலய மட்டத்தில் எழுத்தில் கொடுங்கள். திங்கட்கிழமைதோறும் வராத பிள்ளைகளின் பெயரை இடாப்பிலிருந்து எடுத்து மாதம் ஒருமுறை அவரிடம் கொடுக்கும்படி வகுப்பாசிரியர்களிடம் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தையும், புலமைப் பரிசில் பெற்றவர்களின் படங்கள் தொங்கும் அந்தச் சுவரிலேயே எழுதிவையுங்கள். அதற்கு ஒரு டப்பா பெயின்ட் போதும். காசு நான் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்
ஹட்டன்