கீழே கடை, மேலே வீடு

ஹட்டன்

அன்பின் மச்சான்,

உன் கடிதமும் வீட்டுப் பிளானும் சேர்ந்தே கிடைத்தன. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருப்பது பெரிய சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுத்திருக்கிறாள். மழைதான் விட்டபாடில்லை.

சரி, பிளானுக்கு வருகிறேன். ரோட்டு மட்டத்தில் கடை, முன்பக்கம் முழுக்க ஷட்டர், பின்பக்கம் மண் வெட்டிய கரையோரம் நீளச் சுவர், மேலே இரண்டு மாடியிலும் அறை அறையாகப் புளக்கல் சுவர். பண்டாரவளையில் மட்டுமில்லை, ஹட்டன் டவுனிலும் இப்படித்தான் கட்டுகிறோம். காணி குறைவு, ரோட்டோரக் கடைக்குத்தான் வாடகை வரும். அதில் தப்பில்லை. ஆனால் நிலநடுக்கம் வந்தால் அந்தச் சுவர்கள் என்ன செய்யும் என்று உனக்கு விவரமாகச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பொதுவாக இஞ்சினியர்கள் தூண், பீம், சிலாப் மூன்றுக்கும் கணக்குப் போடுவார்கள். சுவரை வெறும் பாரமாகத்தான் எடுப்பார்கள். நிலம் பக்கவாட்டில் ஆடும்போதோ சுவர் சும்மா நிற்பதில்லை. தூணும் பீமும் சேர்ந்த சட்டம் சாயப் பார்க்கும், உள்ளே இறுக்கமாக அடைத்த சுவர் அதை விடாமல் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக விசையைத் தாங்கும். கேட் தொங்காமலிருக்கக் குறுக்கே ஒரு பலகை அடிப்பார்களே, அதே வேலை. சோவியத் நாட்டில் பொலியாகோவ் என்ற ஆய்வாளர் 1950களிலேயே இதைக் கவனித்துச் சொன்னார். 1961இல் ஹோம்ஸ் என்ற இன்னொரு ஆய்வாளர், மூலைவிட்ட நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு அகலமுள்ள குறுக்குத் தாங்கியாகச் சுவரை எடுத்துக் கணக்கிடலாம் என்றார். பின்னால் வந்தவர்கள் அந்த அகலத்தைக் குறைத்தார்கள், அடிப்படை மாறவில்லை.

சுவர் எல்லா மாடியிலும் ஒழுங்காக அமைந்தால் நமக்கு நல்லதுதான். முதலில் சுவர் வெடித்து, உராய்ந்து, ஆட்டத்தின் வேகத்தில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்ளும், தூண் தப்பும். மேலே சுவர் இருந்து கீழே இல்லாவிட்டால்தான் ஆபத்து. 2001 ஜனவரி 26 காலையில் குஜராத்தின் புஜ் பக்கம் 7.7 அளவில் நிலம் நடுங்கியது. 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிற அகமதாபாத்தில் மாடிக் கட்டிடங்கள் விழுந்தன. அவற்றில் பல, கீழே வாகனம் நிறுத்த வெறும் தூண்களோடு விட்டவை. சுவர் நிறைந்த மேல் மாடிகள் வளையாமல் ஒன்றாக நகர, வளைய வேண்டியதெல்லாம் கீழ்த்தூண்களின் தலையிலும் காலிலும் வந்து விழுந்தது. அடுத்த வருஷமே இந்தியாவின் நிலநடுக்கக் கட்டிட விதிநூல், அப்படித் திறந்த மாடியின் தூணையும் பீமையும் 2.5 மடங்கு விசைக்குக் கணக்கிடச் சொன்னது. உன் பிளானில் இன்னொரு சிக்கலும் உண்டு. பின்சுவர் விறைப்பு, முன்பக்கம் ஷட்டர். கட்டிடம் ஆடுவதோடு முறுக்கவும் செய்யும்.

நம் பள்ளிக்கூடத்து மாடிக் கட்டிடம் ஞாபகம் இருக்கிறதா? தூணுக்குத் தூண் அரைச்சுவர், மேலே வெளி. அந்த அரைச்சுவர் தூணின் கீழ்ப்பாதியைப் பிடித்துக்கொள்ளும், மேல்பாதி மட்டும்தான் வளையும். வளையும் உயரம் பாதியானால், அதே அளவு நகர எட்டு மடங்கு விசை வேண்டும். ஆகவே அந்தத் தூணே அதிக விசையை இழுத்துக்கொண்டு குறுக்காக வெடிக்கிறது. பல நாடுகளில் பள்ளிக்கூடங்கள் இப்படிச் சேதமாகியிருக்கின்றன. நமது சரிவுகளிலும் இதே கதைதான்: பள்ளத்துப் பக்கம் நெட்டைத் தூண், மேட்டுப் பக்கம் குட்டைத் தூண். பார்த்தால் நெட்டைதான் பயமாக இருக்கும், அடி வாங்குவது குட்டை.

நம் இலங்கையில் இதெல்லாம் எதற்கு என்று நீ கேட்பாய். நாம் பூமித் தட்டின் எல்லையில் இல்லை, உண்மைதான். ஆனாலும் 2020இல் திகன பக்கம் நிலம் அதிர்ந்தது, 2023 பெப்ரவரியில் உனக்குக் கீழே புத்தல, வெல்லவாய பக்கம் 3.0 அளவில் அதிர்ந்தது. சின்ன அதிர்வுகள்தான், அவற்றுக்குக் கட்டிடம் விழாது. நமக்கு முதல் பயம் மண்சரிவுதான். 2014இல் மண்ணுக்குள் புதைந்த மீரியபெத்தைத் தோட்டக் குடியிருப்பை மறக்க முடியுமா? அதனால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி கைக்கு வராமல் ஒரு கூடை மண்கூட வெட்டாதே. ஆனால் தூண் கட்டும்போதே செய்தால் சில ஆயிரம் ரூபாயோடு முடிகிற வேலையை, பின்னால் எத்தனை லட்சம் கொடுத்தாலும் ஒழுங்காகச் செய்ய முடியாது. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

மேசன் பாஸிடம் இல்லை, இஞ்சினியரிடமே கேள். கடையின் முன் மூலை இரண்டிலும் அத்திவாரத்திலிருந்து பீம் வரை ஒவ்வொரு துண்டுச் சுவர் வைக்க முடியுமா? ஷட்டர் கொஞ்சம் குறுகும், குறுகட்டும். கீழ்த்தூண்களை மேலே உள்ளதைவிடப் பெரிதாக்கி, மேல்முனையிலும் கீழ்முனையிலும், நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பியை நெருக்கிக் கட்டச் சொல். ரிங்கின் கொக்கி 135 பாகையில் உள்பக்கம் மடங்கியிருக்க வேண்டும். 90இல் விட்டால் கொங்கிரீட் உதிர்ந்ததும் பிரிந்துவிடும். பின்பக்கக் குளியலறை அரைச்சுவரைத் தூணோடு ஒட்டாமல் இடைவெளி விட்டு, மென்மையான பொருளால் அடைக்கலாம். சுவர் வெளிப்பக்கம் சாய்ந்து விழாமலிருக்கத் தூணிலிருந்து கம்பி நீட்டிக் கல்வரிகளுக்கு இடையில் வைக்க வேண்டும். 2009இல் இத்தாலியின் லாக்குவிலாவில் நிலம் நடுங்கியபோது தூணும் பீமும் நின்றும் பல கட்டிடங்களில் சுவர்கள் தெருவில் விழுந்தன. வாடகைக்கு வருகிறவர் கேட்கிறார் என்று பிறகு எந்தச் சுவரையும் உடைத்துவிடாதே.

உன் தம்பி தோட்டத்தில் 7 பேர்ச் காணியில் கட்டும் ஒற்றை மாடி வீட்டுக்கு வேறு முறை நல்லது. சுவரை முதலில் பல் பல்லாகக் கட்டி, பிறகு அதன் ஓரத்தில் சிறு தூணை வார்ப்பது. சுவரும் தூணும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். சிலி, பெரு, மெக்சிகோவில் சாதாரண சனங்களின் வீடுகள் ஏராளமாக இப்படித்தான் எழுகின்றன. அவனிடம் சொல்லு, நானும் போனில் பேசுகிறேன்.

கீழ்த்தூண்களுக்குக் கம்பி கட்டி முடிந்ததும், பலகை அடிக்க முன்னால் படம் எடுத்து அனுப்பு. முடிந்தால் அந்த வாரம் ரயிலேறி நானே வந்து பார்க்கிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்