பவுண் விலையும் வெள்ளவத்தை ஒழுங்கையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு உங்கள் வாரமலரில், காருக்குக் குறைந்த விலையில் நல்ல வழிகாட்டிக் கருவி வாங்குவது எப்படி என்று ஒரு கட்டுரை வந்தது. அதில் ஒரு வரி: "கைபேசியைக் கையாளத் தெரியாத முதியவர்கள் மட்டுமே இன்று தனியாக ஜீபிஎஸ் கருவி வாங்குகிறார்கள்." எனக்கு வயது அறுபத்தெட்டு. நானே கார் ஓட்டுகிறேன். தனிக் கருவியும் வைத்திருக்கிறேன். கைபேசியையும் கையாளத் தெரியும். இந்தக் கடிதத்தைக்கூட அதில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். உங்கள் கட்டுரையில் நான் பென்சிலால் திருத்தியவை பதினொன்று.

முப்பத்திரண்டு வருடம் நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்தவள் நான். ஒரு மைலை ஓர் அங்குலமாகக் கீறிய பழைய படங்கள் 1:50,000 அளவுக்கு மாறிய காலத்தில் என் கண்ணாடியின் பவர் இரண்டு தடவை கூடியது. எனக்குத் தொழில்நுட்பம் தெரியாது என்கிற உங்கள் கட்டுரையாளர், அடுத்த பந்தியிலேயே இன்டர்நெட் இல்லாத இடத்தில் ஜீபிஎஸ் வேலை செய்யாது என்று எழுதுகிறார். ஐயா, ஜீபிஎஸ் சிக்னலை அனுப்பும் சட்டலைட்டுகள் இருபதாயிரம் கிலோமீற்றர் உயரத்தில் சுற்றிக்கொண்டு நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. குறைந்தது நான்கின் சிக்னல் கிடைத்தால் போதும், தான் நிற்கும் இடத்தைக் கருவி கணக்குப் போட்டு எடுத்துவிடும். அதற்கு டேட்டாவும் வேண்டாம், மாதக் கட்டணமும் வேண்டாம். வரைபடத்தை இறக்கவும், எங்கே நெரிசல் என்று அறியவும்தான் டேட்டா தேவை. 2000ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்கா தன் ஜீபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை நிறுத்தியபோது எங்கள் அலுவலகத்தில் ஒரு கிழமை அதே பேச்சாக இருந்தது. கட்டுரையாளர் அப்போது நேர்சரியில் இருந்திருப்பார்.

சரி, அது போகட்டும். விலையெல்லாம் ஏன் இங்கிலாந்துப் பவுணில்? "நாற்பத்தைந்துக்கு மேற்பட்ட ஐரோப்பிய நாடுகளின் வரைபடம் ஆயுள் முழுவதும் இலவசம்" என்று வேறு போட்டிருக்கிறது. எனக்கு அல்பேனியாவில் அலுவல் ஒன்றும் இல்லை. லண்டனில் இருக்கும் தம்பியின் மகன் 2016இல் மலிவு விற்பனையில் வாங்கி அனுப்பிய கருவியும் இப்படித்தான் இருந்தது. ஆசையாக வீட்டு வாசலில் வைத்துப் போட்டுப் பார்த்தால், சாம்பல் நிறத்தில் ஒரு வெறும் வெளி, நடுவில் என் கார். காலி வீதியும் இல்லை, ஒழுங்கையும் இல்லை. பக்கத்து வீட்டுப் பொடியன்தான், தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் இலங்கை வரைபடத்தை ஒரு மெமரி கார்டில் ஏற்றிச் செருகித் தந்தான். அது கார்மின் கொம்பனியின் கருவி என்பதால் முடிந்தது. எல்லாக் கருவியும் வெளி வரைபடத்தை ஏற்காது. கொழும்பில் இருக்கிறவர் கடையில் முதலில் கேட்க வேண்டியது, உள்ளே இலங்கை இருக்கிறதா, இல்லாவிட்டால் போட முடியுமா என்பதைத்தான். திரை ஐந்து அங்குலமா ஏழு அங்குலமா என்பதெல்லாம் அப்புறம். உங்கள் கட்டுரையில் திரைக்கு மூன்று பந்தி, வரைபடத்துக்கு அந்த அல்பேனியா வரி மட்டும்.

நான் ஏமாந்த கதையும் உண்டு. 2013இல் இந்தக் காரை வாங்கிய கையோடு, நகரத்துக்குள் ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) ஏழு அங்குலத் திரையோடு ஒன்று வாங்கினேன். பாட்டுக் கேட்கலாம், படம் பார்க்கலாம், "லைஃப்டைம் அப்டேட் மெடம்" என்றார் அந்தத் தம்பி. பதினெட்டாயிரம் ரூபாய். ஒரு அப்டேட்கூட வரவில்லை. பம்பலப்பிட்டியில் அது என்னை ஒருவழிப் பாதைக்குள் எதிர்ப்பக்கமாகத் திருப்பி விட்டது; பொலிஸ்காரர் தண்டம் எழுதிக்கொண்டிருக்கும்போதும் "நேராகச் செல்லவும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே இருந்தது. அடுத்த வருடம் கேட்கப் போனால் கடை இருந்த இடத்தில் செருப்பு விற்கிறார்கள். லைஃப்டைம் என்று அவர் சொன்னது கடையின் ஆயுளை. பெரிய கொம்பனிகளும் இந்தச் சொல்லைக் கருவியின் பாவனைக்காலம் என்ற அர்த்தத்தில்தான் எழுதுகின்றன. 2018இல், வழிகாட்டிக் கருவி செய்யும் டொம்டொம் கொம்பனி தன் பழைய கருவிகள் சிலவற்றுக்கு இனிப் புதிய வரைபடம் வராது என்று அறிவித்ததே, அது உங்கள் மேசைக்கு வராத செய்தியா?

பழைய கருவி வாங்கினால் இன்னும் மலிவு என்ற ஆலோசனையும் இருந்தது. நல்லது. ஆனால் திகதிக்காக ஜீபிஎஸ் எண்ணிவரும் வாரக்கணக்கு 1024 வாரத்துக்கு ஒருமுறை சைபருக்குத் திரும்பும், கடைசியாக 2019 ஏப்ரலில் திரும்பியது, மென்பொருள் புதுப்பிக்காத பழைய கருவிகள் சிலவற்றில் திகதி இருபது வருடம் பின்னுக்குப் போய்விடும் என்பதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். காசு கொடுக்கும் முன் வானம் தெரிகிற இடத்தில் வைத்துத் திகதியைப் பார் என்று சொல்ல எவ்வளவு இடம் பிடிக்கும்?

இன்னொன்று. இங்கே ஓடும் கார்களில் எத்தனை ஜப்பானில் பாவித்து வந்தவை என்று உங்களுக்குத் தெரியாததல்ல. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல்தான் மறுபடி திறந்தார்கள். இருந்த காரை நாங்கள் கட்டிக் காத்தோம். என் காரிலும் கூடவே வந்த நவிகேஷன் இருக்கிறது, ஆனால் அது இன்னும் தன்னை நகோயாவில் நிற்பதாக நினைக்கிறது. சாவியைப் போட்டதும் ஒரு பெண்குரல் மிகுந்த மரியாதையோடு ஏதோ சொல்லும். அங்கத்தைய வீதிக்கட்டண கார்டு செருகப்படவில்லை என்கிறாளாம், பேத்தி சொன்னாள். பன்னிரண்டு வருடமாகத் தினமும் அவளுக்குச் "சரி பிள்ளை" என்று சொல்லிவிட்டுத்தான் புறப்படுகிறேன். "காரிலேயே நவிகேஷன் இருந்தால் கவலை இல்லை" என்று எழுதியவர் எந்த ஊர்க் காரில் போகிறார்?

கைபேசி கூடாது என்று நான் சொல்லவில்லை. கொழும்புக்குள் நெரிசல் பார்க்க அதைவிட்டால் வேறு இல்லை. ஆனால் போன வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கு மன்னார், பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம் வழியாகப் போனேன். நடுப்பகல் வெயிலில் கண்ணாடியோடு ஒட்டி வைத்த கைபேசி முதலில் மங்கியது, பிறகு சூடு கூடிவிட்டது என்று எழுதிக் காட்டிவிட்டு நின்றே போனது. ஆறட்டும் என்று தண்ணீர்ப் போத்தலுக்குப் பக்கத்தில் படுக்க வைத்தேன். தம்பி மகனின் கருவிதான் யாழ்ப்பாணம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. அதுவும் புத்தளத்தில் ஒருமுறை கண்ணாடியிலிருந்து கழன்று மடியில் விழுந்தது, அதை மறைக்கவில்லை.

அப்புறம் இந்த வீதிப் பெயர்கள். டுப்ளிகேஷன் வீதியை யார் ஆர். ஏ. டி மெல் மாவத்தை என்று சொல்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள். புல்லர்ஸ் வீதி பௌத்தாலோக மாவத்தை ஆகி எத்தனை காலம், அம்மா கடைசிவரை புல்லர்ஸ் என்றுதான் சொன்னார். கருவிக்குப் புதுப் பெயர் தெரியும், ஓட்டோக்காரருக்குப் பழைய பெயர் தெரியும், நடுவில் நான். பலகைகளில் தமிழ் இருக்கும் இலட்சணத்தைப் பற்றி இரண்டு வருடத்துக்கு முன் படங்களோடு உங்களுக்கு எழுதினேன். அது வரவில்லை. அதே கிழமை "மூத்தோர் பக்க"த்தில் முழங்கால் வலிக்கு எண்ணெய் பற்றி முக்கால் பக்கம் வந்தது. அறுபது தாண்டினால் எங்களுக்கு முழங்கால் மட்டும்தான் மிச்சம் என்று உங்கள் அலுவலகத்தில் யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள். ஓய்வூதியப் படிவத்தில் எங்களைக் குழந்தையாக நடத்துகிறார்கள், வங்கியில் "அன்டி, மகனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்கிறார்கள். ஞாயிறு காலை தேநீரோடு உங்கள் பத்திரிகையும் அதையே சொல்ல வேண்டுமா?

என் வேண்டுகோள் சின்னது. வெளியூர்க் கட்டுரையைத் தமிழாக்கிப் போடும்போது விலையை ரூபாயில் போடுங்கள். இலங்கை வரைபடம் உள்ளே இருக்கிறதா, அதைப் புதுப்பிக்க எவ்வளவு, பழுதானால் கொழும்பில் யாரிடம் கொடுப்பது என்று அடியில் ஒரு சின்னப் பெட்டி போட்டால் போதும். குறுக்கெழுத்தின் கட்டங்களையும் கொஞ்சம் பெரிதாக்கலாம். அது மட்டும் வயதின் காரணமாகக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படவரைஞர்,
வெள்ளவத்தை.