மணிக்கு ரத்தம் பார்த்துவிடு

பாப்பா,

உன் நாய் மணிக்கு உண்ணி எடுத்து, குளிப்பாட்டி, மருந்தும் போட்டுவிட்டேன் என்றாய். நல்லது. ஆனால் "ரெண்டு நாளா சரியா சாப்பிடல, வெயிலா இருக்கும்" என்று போகிற போக்கில் சொன்னாயே, அதுதான் உறுத்துகிறது. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கால்நடை மருத்துவமனை லேபில் ஸ்லைடு பார்த்தே காலம் தள்ளியவன் நான். உண்ணி குடித்த ரத்தத்தைவிட, உள்ளே விட்டுப்போன கிருமிதான் எனக்குப் பயம். எர்லிக்கியா என்ற பாக்டீரியா வெள்ளையணுக்களுக்குள் குடியேறும், ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் சரியும். நல்ல நாய்க்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் இரண்டு லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டியது சில ஆயிரங்களுக்குக்கூட இறங்கிவிடலாம். அப்போதுதான் மூக்கில் ரத்தம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் எல்லாம். பேபீசியா என்ற ஒட்டுண்ணி வேறு மாதிரி. சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உடைக்கும். ஈறு வெளிறும், சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போகும். இதில் கிப்சோனி என்ற வகையை 1910-ல் பேட்டன் என்பவர் முதலில் விவரித்தது, நீ இருக்கும் சென்னையில், வெள்ளைக்காரர்களின் வேட்டைநாய்களின் ரத்தத்தைப் பார்த்துத்தான்!

மணி நாளைக்கே தட்டைக் காலி செய்தாலும் நம்பாதே. எர்லிக்கியா காய்ச்சல் தானாகவே தணியும். மாதக்கணக்கில், சிலசமயம் வருஷக்கணக்கில் நாய் நன்றாக ஓடியாடும். கிருமி மண்ணீரலில் பதுங்கியிருக்கும். சில நாய்களுக்குக் கடைசியில் எலும்பு மஜ்ஜையே ரத்தம் ஊறவைக்காமல் நின்றுவிடும். அந்த நிலையில் வந்த நாய்களில் பிழைத்தவை குறைவு.

டாக்டர் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால் பெரும்பாலும் 28 நாள் இருக்கும். வாலாட்ட ஆரம்பித்ததும் நிறுத்திவிடாதே. வெறும் வயிற்றில் வேண்டாம். வீட்டில் கிடக்கும் காய்ச்சல், வலி மாத்திரை எதையும் தொடாதே. சிலது ரத்தக்கசிவைக் கூட்டும், சிலது நாய்க்கு நஞ்சு.

அப்புறம், சுவர் இடுக்கு, கதவு நிலை எல்லாம் பார். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பெர்மெத்ரின் கலந்த நாய் உண்ணி மருந்தைக் கீழ்வீட்டுப் பூனை பக்கம் கொண்டுபோகாதே, செத்துவிடும்.

ரத்தம் எடுக்கும்போது காது நுனியிலிருந்து ஒரு சொட்டு ஸ்லைடில் வைக்கச் சொல்; பேபீசியா அங்கே சிக்க வாய்ப்பு அதிகம். மெஷினில் பிளேட்லெட் குறைவாக வந்தால், ஸ்லைடிலும் எண்ணினார்களா என்று கேள். கட்டிக்கட்டியாக ஒட்டியிருந்தால் மெஷின் குறைத்துக் காட்டும். ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு.

அப்பா